ரஞ்சிதாவின் லாகின்

மருத்துவமனை ஆவதற்கு முன்னால் அது கல்யாண மண்டபமாக இருந்தது. சூளகிரியைத் தாண்டி கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலையில், லாரிகள் இளைப்பாற நிற்கும் இடத்துக்கு எதிரே. அங்கே தாலி கட்டிய ஜோடிகளில் மூன்று பிரிந்துவிட்டதாக ஊர் பேசியதில் மண்டபம் படுத்துப்போனது. வாங்கிய டாக்டர்கள் பந்தி ஹாலில் நாற்பது கட்டில் போட்டார்கள், வெள்ளையடித்தார்கள். மாடியில் ஒரு கதவில் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்த 'மணமகள் அறை' என்பதை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள்.

அந்த அறையில்தான் கம்ப்யூட்டர் வகுப்பு.

மார்கழி மதியம் இரண்டரைக்கு வினோதா அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். உத்தனப்பள்ளிக்காரி, எட்டு வருஷமாக நர்ஸ். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று பெயர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் கொஞ்ச நாளாக அந்தக் கை நடுங்குகிறது. படிப்புப் போதவில்லை என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். வார்டு அப்படித்தான், எதையாவது பேசிக்கொள்ளும்.

வெளியே தூறல். அறையில் ஈரச் சுவரின் வாடை. அதற்கு அடியில், மெல்லிசாக, தலைவலித் தைலம்.

ரஞ்சிதா தைலம் பூசாமல் டியூட்டிக்கு வந்ததே கிடையாது.

ரஞ்சிதா செத்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது.

வகுப்பெடுக்க ஓசூரிலிருந்து ராஜசேகர் என்று ஒருவர் வந்திருந்தார். மெலிந்த மனிதர். "பாஸ்வேர்டுங்கறது உங்க கையெழுத்து மாதிரி," என்று ஆரம்பித்தார். "உங்க கையெழுத்த அடுத்தவங்கள போட விடுவீங்களா?"

"என்னுது கைநாட்டு சார்," என்றாள் ஆயா சாந்தம்மா. தரை துடைத்ததைக்கூட இனிமேல் கம்ப்யூட்டரில்தான் ஏற்ற வேண்டும் என்று அவளையும் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

"சரி, கட்டைவிரல கழட்டிக் குடுப்பீங்களா?"

"யாரு கேக்கறாங்க சார், என் விரல?"

எல்லோரும் சிரித்தார்கள். வினோதா சிரிக்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் அந்த ஆஸ்பத்திரியில் அதைத் தொடத் தெரிந்தவள் ரஞ்சிதா ஒருத்திதான். சாத்தூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் முத்துக்குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. காலையில் அவள் தன் பெயரில் உள்ளே நுழைந்து வைப்பாள். ராத்திரி வரைக்கும் எல்லோரும் அதிலேயே வேலை பார்ப்பார்கள். இடையில் மூடிக்கொண்டால் திறப்பதற்குப் பாஸ்வேர்டை ஒரு துண்டுப் பிளாஸ்திரியில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள். காய்ச்சலைப் பார்த்தது யாராக இருந்தாலும், மருந்து கொடுத்தது யாராக இருந்தாலும், கணக்கில் எல்லாம் ரஞ்சிதா. நாற்பது கட்டிலையும் ஒருத்தியே தாங்கினாள் என்று வெளியாள் நினைத்திருப்பான்.

ஐப்பசியில் ஒரு நாள், ரஞ்சிதா சாப்பிடப் போன நேரம், வினோதா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய எதிர்வீட்டுப் பெண் காவியா, செல்ஃபோன் கம்பெனியில் வேலை பார்ப்பவள், நிச்சயதார்த்தம் ஆனவள், அன்று காலை முகத்தை மூடிக்கொண்டு வந்து டாக்டரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். என்னவாக இருக்கும்? யாருக்குத்தான் கை அரிக்காது? வினோதா கம்ப்யூட்டரில் அவளுடைய கோப்பைத் திறந்தாள். வலிப்பு. ஏழு வருஷமாக மாத்திரை.

ராத்திரி களி கிண்டும்போது அம்மா கெம்பம்மாவிடம், யாரிடமும் சொல்லாதே என்ற நிபந்தனையோடு சொன்னாள். கெம்பம்மாவும் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பால் சொசைட்டி வரிசையில் நின்ற ஒன்பது பேரிடம் மட்டும் சொன்னாள்.

பத்தே நாளில் கல்யாணம் நின்றது. காவியாவின் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று கத்தினார். கோப்பைத் திறந்தது யார் என்று பார்த்தார்கள். ரஞ்சிதா என்று இருந்தது. ரஞ்சிதாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான்காம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எதிரே, தூறலில், ஒரு லாரி அவளை அடித்துப் போட்டது.

வினோதா அந்தச் செய்தியை வார்டில் நின்று கேட்டாள். எல்லோரோடும் சேர்ந்து அழுதாள். வாயைத் திறக்கவில்லை.

"ஒரு கோப்ப யாரு, எப்ப திறந்தாலும் இதுல விழும்," என்று ராஜசேகர் சுவரில் ஒரு பட்டியலைப் படமாக விழ வைத்தார். நோயாளியின் பெயரை மறைத்திருந்தார்; கோப்பு நம்பர் மட்டும் தெரிந்தது. 1187. அது யாருடையது என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். "பாருங்க. ஐப்பசி மாசம், மதியம் மூணு நாப்பத்திரண்டு. ரஞ்சிதா."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. பட்டியலின் கீழே புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது.

இன்றைய தேதி. மூன்று நாற்பத்திரண்டு. ரஞ்சிதா.

ராஜசேகர் பட்டியலை மேலே தள்ளினார். நேற்று, மூன்று நாற்பத்திரண்டு. முந்தாநாள், மூன்று நாற்பத்திரண்டு. ஒரு நாள் தவறவில்லை.

"யாரோ இன்னும் பழைய பாஸ்வேர்ட வச்சு விளையாடறாங்க," என்றார் ராஜசேகர். எல்லோருக்கும் எதிரிலேயே ரஞ்சிதாவின் கணக்கை மூடினார்.

சாந்தம்மா வினோதாவின் காதருகில் குனிந்தாள். "தைலம் வாசன வருது. உனக்கு வரல?"

"வரல," என்றாள் வினோதா.

மறுநாளும் வகுப்பு. மூன்றரைக்கே அறையில் பேச்சு செத்துவிட்டது. நாற்பது. நாற்பத்தொன்று. ராஜசேகர்கூடக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரி விழுந்தது. ரஞ்சிதா.

மூடிய கணக்கு அது.

ராஜசேகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கீழே போய் மேனேஜர் ராஜலட்சுமியை அழைத்து வந்தார். "மேடம், புது முறையில உள்ள நுழையவும், மூடின கணக்கத் திரும்பத் திறக்கவும் அவங்கவங்க ஃபோனுக்கு ஓ.டி.பி. போகும். அந்த நம்பர் இல்லாம முடியாது. இந்தம்மா ஃபோன் இப்ப யாருகிட்ட இருக்கு?"

ராஜலட்சுமியின் முகம் இறுகியது. "புருஷன்கிட்ட. போன வாரம் வந்து நின்னான். என் பொண்டாட்டி தப்பு பண்ணலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, அவ அம்மாகிட்ட காட்டணும்னு. ஆதாரம் இல்லாம எப்பிடி எழுதறதுன்னு அனுப்பிட்டேன். அந்தக் கோவத்துல பண்றான். நாளைக்குக் காலைல போலீஸ்ல எழுதிக் குடுத்துடறேன்."

எல்லோரும் கலைந்தார்கள். கம்ப்யூட்டர்களை அணைத்துவிட்டு வா என்று வினோதாவை விட்டுப் போனார்கள்.

அவள் ஒவ்வொன்றாக அணைத்தாள். மழை வலுத்து அறை இருண்டது. கடைசிக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள்.

அணையவில்லை.

திரையில் 1187 வந்து நின்றது. இப்போதெல்லாம் அடுத்தவர் கோப்பைத் திறந்தால் எதற்கு என்று எழுதிய பிறகுதான் உள்ளே விடும். வெள்ளையாக ஒரு கட்டம். அதன் தலையில் 'காரணம்'. கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று மின்னி மின்னி நின்றது.

தைலம் இப்போது மூக்கைச் சுட்டது.

பக்கத்து நாற்காலியின் ரெக்சின் மெத்தை மெதுவாக அமுங்கியது, சாப்பிட்டுவிட்டுக் களைத்து வந்த ஒருத்தி உட்கார்ந்தது போல.

வினோதா திரும்பவில்லை.

கோடு மின்னிக்கொண்டே இருந்தது. அதில் கோபம் இல்லை. அவசரம்கூட இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

ஒற்றை விரலால், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தேடித் தேடி அடித்தாள். நான் வினோதா. அன்னைக்கும் நான்தான் திறந்தேன். காரணம் ஒண்ணும் இல்ல. சும்மா. அம்மாகிட்ட சொன்னேன்.

முடித்து விசையை ஒரு முறை தட்டினாள். சத்தம் இரண்டு முறை கேட்டது.

திரை அணைந்தது.

அவள் மாடிப்படியில் இறங்குவதற்குள் ராஜலட்சுமி எதிரே ஓடி வந்தாள். கீழே இருந்த கம்ப்யூட்டரில் அந்த வரி வந்திருந்தது. ஆனால் அடித்தவர் பெயர் என்ற இடத்தில் வினோதா என்று இல்லை. ரஞ்சிதா என்று இருந்தது.

"பாத்தியா அந்த ஆளு வேலைய?" என்றாள் ராஜலட்சுமி, மூச்சிரைக்க. "இப்ப உன் பேரையும் இழுத்துட்டான். காவியா உங்க எதிர்வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சு வச்சுகிட்டு பண்றான். நீ பயப்படாத. விட மாட்டேன் அவன."

வினோதா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினால் போதும். எட்டு வருஷ வேலை நிற்கும். உத்தனப்பள்ளித் தெருவில் காவியா வீட்டுக்கு எதிரே அம்மா தலைநிமிர்ந்து கோலம் போடலாம். இன்னொருத்தன் கம்பிக்குள் போவான், அவ்வளவுதான். அவள் எழுதியதையே எந்திரம் செத்தவள் பேரில் எழுதிக்கொண்டது. இனி எதில் எழுதினாலும் அப்படித்தான் ஆகும் போலிருந்தது.

வாயால் சொன்னது வாயால்தான் தீரும்.

"அவரு இல்லைங்க மேடம்," என்றாள். "நான்தான்."

"நாப்பத்திரண்டு நாளா வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றாள் ராஜலட்சுமி. குரலில் கோபம் வரவில்லை. அன்று சாயங்காலமே வினோதா பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போயிற்று. ரஞ்சிதா தப்புச் செய்யவில்லை என்று முத்திரை குத்திய ஒரு தாளை ராஜலட்சுமி அவள் கையிலேயே கொடுத்தாள். "நீயே கொண்டுபோய்க் குடு."

மறுநாள் மதியம் ஓசூரில், வரிசை வீடுகளில் மூன்றாவது. முத்துக்குமாருக்கு நைட் ஷிப்ட், அப்போதுதான் எழுந்திருந்தான். முகம் கழுவிய ஈரத்தோடு தாளை வாங்கி இரண்டு தரம் படித்தான். வினோதா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலி, கோப்பு, களி கிண்டிய ராத்திரி, பால் சொசைட்டி. ஒன்றையும் விடவில்லை.

"தெரியும்," என்றான் அவன்.

அவள் நிமிர்ந்தாள்.

"அவ சாப்புடப் போயிருந்த நேரம், சீட்டுல வினோதாதான் இருந்துச்சுன்னு வேல போன அன்னைக்கே சொல்லிட்டா. அப்பப் போயி சொல்லுன்னேன். வேண்டாங்க, நல்ல பிள்ள, தானா வந்து சொல்லும்னா. சாயங்காலமானா பஸ் ஏறி வந்து ஆஸ்பத்திரி எதிர்த்தாப்புல நின்னா. நீங்க டியூட்டி முடிஞ்சு வருவீங்கன்னு. நாலாவது நாளும் நின்னா."

வினோதா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நான் பாத்தேன் அண்ணே. மாடி ஜன்னல்லேருந்து. நாலு நாளும் பாத்தேன். சமையக்கட்டு பக்கமா பின்வாசல்ல போயிட்டேன்."

வெளியே தூறல் ஆரம்பித்தது. முத்துக்குமார் உள்ளே போய், அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஃபோனை எடுத்து வந்தான். கண்ணாடி முழுக்க விரிசல்.

"அவ அம்மா தெனமும் அடிப்பாங்க. எடுக்க வேண்டாம், மணி அடிச்சாப் போதும்பாங்க. அதுக்காக வச்சிருக்கேன்," என்றான். "மூணே முக்கால் வாக்குல ஓ.டி.பி.ன்னு ஒரு நம்பர் வருது, தெனமும். யாரோ தப்பா அடிக்கிறாங்கன்னு விட்டுட்டேன்."

"நீங்க ஒரு நாளும் திறக்கலையாண்ணே?"

"பூட்டு நம்பர் எனக்குத் தெரியாதும்மா. அவ சொன்னதில்ல, நான் கேட்டதுமில்ல."

அவள் மடியில் அவன் அதை வைத்தான்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்திரண்டு. ஃபோனில் ஓ.டி.பி. எதுவும் வரவில்லை. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று. வினோதா மூச்சு விட்டாள்.

திரை ஒளிர்ந்தது.

பூட்டின் நான்கு வெற்றுப் புள்ளிகள் தெரிந்தன. யாரும் தொடவில்லை. ஒரு புள்ளி நிறைந்தது.

இரண்டாவது.

மூன்றாவது, கொஞ்சம் யோசித்து.

நான்காவது.

பூட்டு திறந்தது. உள்ளே ஒரு செய்தி, அடித்து முடித்து அனுப்பாமல் விட்டது. தேதி ரஞ்சிதா செத்த நாள். பெறுநர் வினோதா. எழுத்துகள் விரிசலுக்கு அடியில் கோணிக் கிடந்தன. அவள் படிப்பதற்குள் அது யாரோ அனுப்பியது போல நகர்ந்து மேலே போயிற்று.

முத்துக்குமார் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான்.

வினோதாவின் பைக்குள் அவளுடைய ஃபோன் ஒலித்தது. எடுக்க வெகுநேரம் ஆனது.

'வினோ, வெளியே நிற்கிறேன். பயப்படாமல் வா.'

வாசலில், தூறலில், யாரோ குடையை மடக்கி உதறும் சத்தம் கேட்டது.