இரண்டு தரம்தான் கூப்பிடுவாள்

மதகடியில் இறங்கிவிட்டு மறுபடி சைக்கிளில் ஏறிய பிலோமினா, இன்றைக்கு 'ரைட்' சொல்லவில்லை.

ஏசுதாஸ் அதைக் கவனித்தான்; பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பைப் கம்பெனியில் திடீரென்று ஓ.டி. பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஷிப்டு முடிந்து, ஸ்ரீபெரும்புதூரில் மச்சினி வீட்டில் காத்திருந்த பிள்ளைகள் இரண்டையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. காலை முழுக்கப் பள்ளிக்கூடம், சாயங்காலம் முழுக்கச் சித்தியின் தையல் மெஷின் சத்தம். ஆறு வயசுப் பிள்ளைக்கு அசதி இருக்காதா என்ன? தூங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பெடலை மிதித்தான்.

மனைவி அற்புதமேரிக்குப் பிரசவமாகி வீட்டில் கைக்குழந்தை வந்ததிலிருந்து தினமும் இதுதான் வழக்கம். மூன்று வயசு சவரி முன்பாரில் மாட்டிய குட்டி சீட்டில் உட்கார்ந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொள்வான், சைக்கிளை ஓட்டுவதே தான்தான் என்பது அவன் எண்ணம். பிலோமினா பின்னால் கேரியரில். அவளுடைய அலுமினியப் பெட்டி ஹாண்டில்பாரில் தொங்கும். மண்ணூர்ப் பக்கம் புதுக் காலனிக்கு ஏரிக்கரைதான் குறுக்கு வழி. பாதிக் கரையில், சரியாக மதகு வரும்போது, "அப்பா, ஒண்ணுக்கு" என்பாள். சித்தி வீட்டிலிருந்து கிளம்பும்போது போகச் சொன்னால் வராது, மதகைப் பார்த்தால்தான் வரும். சைக்கிள் நின்றால் டைனமோவும் நின்று விளக்கு அணைந்துவிடும். அந்த இருட்டில் அவள் மதகுச் சுவருக்குப் பின்னால் போய்வருவது கொலுசுச் சத்தத்தில்தான் தெரியும். இடது கொலுசில் சலங்கை உதிர்ந்துவிட்டதால் வலது கால் மட்டும் ஒலிக்கும், இடது கால் ஊமையாக வரும். திரும்பி வந்து ஏறியதும் அவன் தோள் துண்டை எடுத்து அவள் முதுகைச் சுற்றித் தன் வயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவான். தூங்கி விழுந்துவிடக் கூடாதே. உடனே பஸ் கண்டக்டர் மாதிரி "போலாம் ரைட்!" என்று ஒரு சத்தம் வரும். தம்பியும் "ரைட்!" என்பான்.

இன்றைக்கும் துண்டைக் கட்டினான். கட்டும்போது அவள் கையில் சில்லென்று ஈரம். கழுவியிருப்பாள் என்று நினைத்தான். அவள் திரும்பி வந்தபோது கொலுசுச் சத்தம் கேட்டதா என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. பெட்டி ஹாண்டில்பாரில் இடிக்கிற சத்தம் கேட்டது, சவரி மூக்கை உறிஞ்சியது கேட்டது.

"இன்னாடி, ரைட் சொல்லலியே?" என்றான்.

 சக்கரம் நாலைந்து சுற்று சுற்றியிருக்கும். அப்புறம் முதுகோடு ஒட்டினாற்போல் பின்னாலிருந்து, "ரைட் சொல்லலியே" என்று அவள் குரல் வந்தது.

அவன் சிரித்தான். சேட்டை. மதகு வரும்வரை நட்சத்திரத்தைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள்தானே இவள். கிறிஸ்துமஸுக்கு வாசலில் கட்டுகிற காகித நட்சத்திரத்துக்கு வால் வைக்க வேண்டுமாம், பக்கத்து வீட்டு நட்சத்திரத்தைவிட வால் நீளமாக இருக்க வேண்டுமாம், அதற்குச் சித்தியிடம் சிவப்புக் காகிதம் கேட்டு வாங்கிச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாளாம். சொன்னதையே திருப்பிச் சொல்லி ஆளைக் கடுப்பேற்றுவது இன்றைய புது விளையாட்டு போலிருக்கிறது.

டைனமோ விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் தட்டு அகலத்துக்கு மஞ்சள் வெளிச்சம் பாதையில் குதித்துக் குதித்துப் போனது. அதற்கு இரண்டு பக்கமும், ஏரி எது வயல் எது என்று தெரியாமல், ஒரே கறுப்பு. மழைக்கு நிரம்பிய ஏரியில் தவளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. சைக்கிள் போகப்போக, அது கடக்கிற இடத்தில் மட்டும் சத்தம் அடங்கி, பின்னால் மறுபடி எழும்பாமலே இருந்தது. சேற்று வாடை அடித்தது. ஏரிக்கரையில் சேற்று வாடை வராமல் வேறென்ன வரும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஆனால் வாடை ஏரிப் பக்கமிருந்து வரவில்லை. எதிர்க்காற்று அடித்தால் மறைந்தது, காற்று நின்றால் அவன் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

சட்டையின் பின்பக்கம் நனைந்துவிட்டிருந்தது. பிலோமினாவின் தலை சாய்ந்திருக்கும் இடத்திலிருந்து ஈரம் இடுப்பு வரைக்கும் இறங்கிக்கொண்டிருந்தது. வேர்வைதான். பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ. ஆனால் காய்ச்சல் என்றால் சுட வேண்டுமே?

மதியம் டீக்கு நிற்கும்போது கோதண்டராமன் சொன்னது தேவையில்லாமல் ஞாபகம் வந்தது. கோதண்டராமன் பக்கத்து ஊர் விவசாயக் குடும்பம். கம்பெனிக்கு வந்த பிறகும் வாயில் ஏரிக்கதைதான். "அந்த மதகாண்ட யாருனா கூப்ட்டா திரும்பாத ஏசு. அது ரெண்டு தரந்தான் கூப்புடும். மூணாந்தரமும் கூப்ட்டாதான் மனுஷன்." ஏசுதாஸ் தன் கழுத்திலிருந்த ஜெபமாலையை இழுத்துக் காட்டி, "எங்களுக்கு இது கீதுய்யா" என்று கிண்டல் பண்ணினான். இப்போது ஒரு கையை எடுத்து அந்த ஜெபமாலையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. சைக்கிள் ஆடியது. தொடவில்லை.

கனம் கூடியிருந்தது. ஏற்றமே இல்லாத கரையில் ஏற்றம் மிதிப்பதுபோல் முழங்கால் வலித்தது.

அப்போதுதான் கேட்டது. தூரத்தில், வந்த வழியில்.

ஜல். கொஞ்சம் இடைவெளி. ஜல். கொஞ்சம் இடைவெளி. ஜல்.

வலது கால் மட்டும் ஒலிக்கிற ஓட்டம்.

சவரி அவன் கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அப்பா, அக்கா ஓடியாருதுப்பா" என்றான்.

ஏசுதாஸ் திரும்பாமலே சொன்னான்: "அக்கா பின்னால ஒக்காந்துகினு கீதுடா."

"இல்லப்பா. அங்க."

பையன் கையை நீட்டினான். பிறகு கேரியரில் இருந்ததைப் பார்த்தானோ என்னவோ, கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு அப்பாவின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் உட்கார்ந்திருந்த இடம் சூடாக நனைந்தது. மூத்திரம்.

"அப்பா!"

பின்னால், இருட்டிலிருந்து. மூச்சு வாங்கிக்கொண்டு. பிலோமினாவின் குரல்.

அவன் மிதிப்பது தானாகவே குறைந்தது. குறைந்ததும் விளக்கு மங்கியது. மங்கியதும் வயிற்றைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

"அப்பா!"

அழுகிறாள். என் பிள்ளை அழுகிறாள். திருப்பு, சைக்கிளைத் திருப்பு என்று உள்ளே ஒருவன் கத்தினான். ஒரு கையால் துண்டின் முடிச்சைத் தேடினான். முடிச்சு வயிற்றில் இல்லை. எப்போதோ நழுவிப் பின்பக்கம் போயிருந்தது. துண்டு நனைந்து கயிறாக முறுகியிருந்தது. திருப்ப வேண்டுமென்றால் நிற்க வேண்டும். நின்றால் விளக்கு அணையும். இருட்டில், இதோடு, இவ்வளவு சின்னப் பையனையும் வைத்துக்கொண்டு.

மூணாந்தரம் கூப்பிடட்டும். கூப்பிட்டால் திரும்பிவிடுவேன். மாதாவே, கூப்பிட்டால் சத்தியமாகத் திரும்பிவிடுவேன்.

காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே மிதித்தான். மூன்றாவது தரம் குரல் வரவில்லை. கொலுசும் நின்றுவிட்டது.

அதுதான். அதுதான் அது. கோதண்டராமன் சொன்னது சரி. பிலோமினா இதோ பின்னால் கட்டப்பட்டிருக்கிறாள். அவன் கட்டினது. அவன் கையால். காலனி வீடுகளின் சிம்னி விளக்கு வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. அவன் வாய்விட்டு அழுதுகொண்டே, நடுங்குகிற பையனின் தலையைத் தாடையால் அழுத்தி, "ஒண்ணுமில்லடா கண்ணு. வூடு வந்துருச்சு. ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

அற்புதமேரி இடுப்பில் அழுகிற கைக்குழந்தையோடும் கையில் சிம்னி விளக்கோடும் வாசலிலேயே நின்றிருந்தாள். தலைக்கு மேல் காகித நட்சத்திரம் வால் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இவ்ளோ நேரம்? உயிரே போய்டுச்சி எனக்கு."

"இத அவுறு" என்றான். "பின்னால. முடிச்ச அவுறு."

விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் ஒரே இழுப்பில் முடிச்சை அவிழ்த்தாள். "அய்ய, இன்னாடி இது? சொட்டச் சொட்ட நனைஞ்சிகினு வந்துருக்க? ஏரில எறங்குனியா? காலுல கொலுசு எங்கடி? ரெண்டையும் தொலச்சிட்டியா?"

 பிள்ளை அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஒரு இடுப்பில் கைக்குழந்தை, மறு இடுப்பில் அது. கைக்குழந்தை பட்டென்று அழுகையை நிறுத்தியது. "தூக்கம் சொக்குது கழுதைக்கு. துணி மாத்திச் சோறு ஊட்டறேன், நீங்க கதவச் சாத்துங்க" என்று அற்புதமேரி உள்ளே போய்விட்டாள்.

அவளை நிறுத்த வேண்டும் என்று நினைத்தான்.  என்ன சொல்வது? விளக்கில் பார்த்தான், அதே கவுன், அதே ரெட்டை ஜடை, ரிப்பன். முகத்தைத்தான் பார்க்கவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற சவரியைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தித் தாழ் போட்டான். கை அதுவாகப் போட்டது.

"அக்கா எப்பப்பா வரும்?" என்று சவரி காதில் கேட்டான்.

உள்ளறையில் கிண்ணத்தில் சோறு பிசைகிற சத்தம்.

வெளியே, தெருமுனையில், ஜல்.

ஜல். ஓட்டமில்லை இப்போது. நடை. களைத்துப்போன, காலை இழுக்கிற நடை. வாசலுக்கு வந்தது. நின்றது. கதவின் கீழ்ப்பகுதியில், ஒரு சின்னப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், உள்ளங்கை பட்டது.

"அப்பா."

அவன் தாழ்ப்பாளைப் பிடித்தான். 

"அப்பா..."

இரண்டு. இன்னும் ஒரு தரம். ஒரே ஒரு தரம் கூப்பிடு கண்ணு, திறந்துவிடுகிறேன். கதவில் காதை வைத்தான். மரத்துக்கு அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். காத்திருந்தான். காத்திருந்தான்.

உறிஞ்சல் நின்றது. ஜல். கதவிலிருந்து விலகி ஒரு அடி.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. போன வாரம் அவன் சைக்கிள் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பிலோமினா கவுனுக்குக் கொக்கி மாட்டக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் காதில் விழவில்லை. கோழிக்கூண்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, கெஞ்சியும் சாப்பிட வரவில்லை. "ரெண்டு தரம் கூப்ட்டேன் இல்ல?" என்றாள். எப்போதும் அப்படித்தான். ரோஷக்காரி. என்ன ஆனாலும் இரண்டு தரம்தான் கூப்பிடுவாள். மூன்றாவது தரம் யாரையும், எதற்காகவும், கூப்பிட மாட்டாள்.

பெட்டிக்குள் சிவப்புக் காகிதம் வைத்திருக்கிற என் பிள்ளை.

"பிலோ!" தாழ்ப்பாளை இழுத்தான்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றி வந்தன. சின்னக் கைகள். வயிற்றின் மேல், துண்டு முடிச்சு இருக்கிற இடத்தில், விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டன. சட்டை நனைந்தது. தாழ்ப்பாள் எட்டாத தூரத்துக்கு அவனைப் பின்னால் இழுத்தன. தோளில் கிடந்த சவரி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பிலோ, ஒரு வாய் வாங்கிக்கோ, எங்க ஓடுன?" என்று உள்ளறையிலிருந்து அற்புதமேரி கூப்பிட்டாள்.

ஜல். வெளியே தெருவில். ஜல். ஏரியைப் பார்த்து.

முதுகோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, பிலோமினாவின் குரல் மெதுவாகச் சொன்னது.

"ஒண்ணுமில்லடா கண்ணு. வூடு வந்துருச்சு."