கருங்காதைக் காணோம்!

அம்மா படம் வரைந்தால் எங்கள் வீட்டில் குளிரும். நிஜமாகத்தான்! நம்பாவிட்டால் போங்கள். நீலத்தைத் தண்ணீரில் கரைத்து அம்மா தாளில் பரவவிட்டதுமே எனக்குக் காது சில்லிட்டுவிடும்.

சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைவது அம்மாவின் வேலை. இந்தத் தடவை, நாய்கள் இழுக்கும் வண்டியில் வட துருவத்துக்குப் போன ஒரு பெண்ணின் கதை. பக்கமெல்லாம் பனி. ஆனால் அம்மாவிடம் வெள்ளை வண்ணமே கிடையாது.

"வெள்ளை தாள்லயே இருக்கு. அதைத் தொடாம விட்டா போதும், பனி ஆயிடும்" என்பாள்.

அந்த நாய்களில் சின்னது கருங்காது. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு. என் தம்பி வாண்டுவுக்கு அது என்றால் உயிர். சாப்பிடும்போது அதற்கும் ஒரு வாய் எடுத்து வைப்பான்.

அன்று கடைசிப் படமும் முடிந்தது. நாய்களோடு அந்தப் பெண் கப்பலுக்குத் திரும்பும் படம். அதை வாங்கிப்போக வந்த அச்சகத்துக்காரர் கூடத்தில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

வாண்டு படத்தை எட்டிப் பார்த்தான். உடனே ஓவென்று அழ ஆரம்பித்தான்.

"கருங்காதைக் காணோம்! பனியிலேயே விட்டுட்டுப் போறாங்க!"

அம்மா பதறிப்போய்ப் பார்த்தாள். "ஐயையோ, ஆமா! எப்படி மறந்தேன்? இப்ப வரையவும் முடியாதே. காஞ்ச நீலத்து மேல வெள்ளை எப்படி வரும்?"

"கப்பல்ல முன்னாடியே ஏறிடுச்சுன்னு ஒரு வரி போட்டுடலாமே?" என்றார் அச்சகத்துக்காரர்.

"பொய்!" என்று கத்தினான் வாண்டு. பாவம், அவர் காலாட்டுவதை நிறுத்திவிட்டார்.

அவன் விம்மிக்கொண்டே இருந்தான். அவனை மடியில் இழுத்துக்கொண்டேன்.

"அழாதடா. வா, நாம போய்த் தேடலாம்."

"எங்க?"

"உள்ளதான்."

என் இரண்டு விரல்கள் படத்தைத் தொடாமல் அதன் மேலே நடந்தன. காலடியில் பனி நெறுநெறுத்தது. தூரத்தில் கப்பலின் விளக்கு மினுங்கியது. வாண்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான்.

அந்தப் பெண்ணின் கையிலிருந்து கயிறுகள் போயின. ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனோம். முரட்டு நாய். நொண்டி நாய். பழுப்பு நாய். கடைசிக் கயிற்றின் முனையில் மட்டும் ஒன்றுமே இல்லை.

"அக்கா, சும்மா இருக்கிற கயிறு தொங்கணும்ல? இது விறைப்பா இருக்கே?"

அட, ஆமாம்! முனைக்கு அப்பால் உற்றுப் பார்த்தேன். வண்ணம் படாத ஒரு குட்டி இடம். முதுகு மாதிரி ஒரு வளைவு, வால் மாதிரி ஒரு சுருட்டை.

"அம்மா! இங்க யாரோ இழுக்கிறாங்க!"

அம்மா குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நானேதான் இடம் விட்டிருக்கேன்! ஈரம் காஞ்சதும் காதுக்குக் கறுப்பு வைக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள இவர் மணி அடிச்சார், மறந்தே போச்சு!"

கண்ணும் மூக்கும் அம்மா வைத்தாள். காதை மட்டும் வாண்டுவின் கையைப் பிடித்து வைக்கவிட்டாள்.

வெள்ளைப் பனியிலிருந்து கருங்காது எங்களைப் பார்த்தது.

வாண்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு அதை முறைத்தான்.

"எங்கடா போன இவ்வளவு நேரம்? உன் சாப்பாடு ஆறிப்போச்சு!"