கருவிக்கு என்ன மனசு

காலையில் பல் தேய்க்கிறாளோ இல்லையோ, ஜெனோவா மனத்துணைக் கருவியைக் காதில் மாட்டிவிடுவாள். தூத்துக்குடியில் பாதிப் பேர் காதில் அது உண்டு.

"சாப்பிட்டியா?" என்று வம்புக்கென்றே அதனிடம் கேட்பாள்.

"நேற்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்தேன்" என்று ஏற்ற இறக்கமில்லாத புத்தகத் தமிழில் பதில் வரும்.

அடேயப்பா, ஒரு கருவிக்கு வந்த நடிப்பைப் பாருங்கள்!

மனிதரிடம் மனதைத் திறக்க வெட்கப்பட்ட சனங்களுக்கு அரசு கொடுத்தது அது. 'இதற்கு வலிக்காது, எதையும் கொட்டுங்கள்' என்று மனநல மையத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள். கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு எட்டு மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தவள், அதனிடம்தான் கொட்டினாள். "என் மனைவி போனபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்றது அது. பொய்தானே என்று தெரிந்தும் அந்தப் பேச்சுதான் அவளை எழுப்பி உட்காரவைத்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலைக்கும் திரும்பிவிட்டாள்.

ஒருநாள் அவள் ஆலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிக்கொண்டிருந்தபோது அது கேட்டது. "இன்று கொஞ்சம் கூடுதலாகப் பேசலாமா? மனசு சரியில்லை."

"கருவிக்கு என்ன மனசு வேண்டிக் கெடக்கு? போ அங்கிட்டு!"

கழற்றி அலமாரிக்குள் போட்டாள். தேறியாயிற்று, இனி அது எதற்கு?

பத்தாம் நாள் காலை, மையத்திலிருந்து தாட்சாயணி வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, இதச் சொல்லக் கூடாது. சொல்லாட்டி ஒரு உசுரு போயிரும். அது கருவி இல்ல. கோயமுத்தூர்ல நாச்சிமுத்துன்னு ஒருத்தர். உங்கள மாதிரியே சிகிச்சையில இருக்கவர்."

"என்னம்மா சொல்லுத?"

"வெறும் கருவியால ஒருத்தரும் தேறல. அதான் நோயாளியோட நோயாளியக் கோத்துவிட்டோம். மனுசன்னா வாய் தெறக்க மாட்டீங்கன்னு குரலையும் பேச்சையும் மாத்துனோம். அவரும் உங்களக் கருவின்னுதான் நெனைக்கிறார். நாலு நாளா சோறு எறங்கல. 'அந்த மெஷினச் சரிபண்ணிக் குடுங்க'ன்னு மட்டும் கேக்குறார்."

ஜெனோவா அலமாரியைப் பார்த்தாள். அப்படியானால் உப்பில்லாத அந்த ரசம், செத்துப்போன அந்த மனைவி, எல்லாம் நிஜமா? மனசு சரியில்லை என்று வந்த ஒரு மனிதரையா விரட்டினாள்? பாவி, பாவி! கருவியை எடுத்து மாட்டினாள்.

"சாப்பிட்டீயளா?"

"வந்துவிட்டாயா? அன்று நீ பேசியபோதே பழுது என்று புரிந்துகொண்டேன். பழுதில்லாமல் நீ அப்படிச் சொல்லவே மாட்டாய்."

அவளால் தாங்க முடியவில்லை. குரல் மாற்றியை நிறுத்து என்று தாட்சாயணிக்குச் சைகை காட்டினாள். தாட்சாயணி தன் கைப்பேசியில் அதை நிறுத்தினாள்.

"நான் மெஷின் இல்லய்யா. எம் பேரு ஜெனோவா. தூத்துக்குடி."

இதுவரை அவள் கேட்டேயிராத ஒரு கரகரத்த குரல்.

"அப்போ… அன்னிக்கு அப்பிடிச் சொன்னது, ஒரு மனுசிங்களா?"

"ஆமாய்யா. நான்தான்."

ஆலைச் சங்கு ஊதியது. அவர் அடுத்த வார்த்தை பேசட்டும் என்று அவள் வேலைக்குக் கிளம்பாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.