முப்பத்தேழாம் வரியின் தலைப்பு

ஜனவரி பதினேழு, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. கணினித் துறைக் கட்டடத்தின் அடித்தள ஆய்வகத்தில், ஒன்பதாம் எண் கணினி ஒரு தலைப்பை நிராகரித்தது. ‘ஏற்கெனவே செய்யப்பட்டது. அலமாரி 4, அறிக்கை 212.’

தலைப்பைத் தட்டியிருந்த மாணவி திரையை முறைத்தாள். காது கேட்காத அத்தைக்காக, குக்கர் விசிலையும் கதவு தட்டும் சத்தத்தையும் கேட்டுக் கைபேசி விளக்கை மின்னவைக்கும் செயலி. பத்து வயதிலிருந்து மனசுக்குள் வைத்திருந்த யோசனை. யாரிடமும் சொன்னதில்லை, அத்தையிடம்கூட.

இறுதியாண்டு ஆய்வுக்குத் துறையில் ஒரே ஒரு கறாரான விதி: பழைய மாணவர்கள் செய்ததைத் திரும்பச் செய்யக் கூடாது. தலைப்பை ஒன்பதாம் கணினியில் தட்டினால், பழைய அறிக்கைகளோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். தேறினால் மேசைமேல் இருக்கும் பெரிய பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஐந்து மணிக்குப் பதிவேடு மாடிக்குப் போய்விடும். மஞ்சள் காமாலைக்குப் போன வருடத்தைப் பறிகொடுத்தவள் அவள். இன்று விட்டால் இன்னொரு வருடம்.

அதனால்தான் காலையிலேயே, தலைப்பு இல்லாமலே, முப்பத்தேழாம் வரியில் கையெழுத்தைப் போட்டு வைத்திருந்தாள். வழிகாட்டியிடம் இடம் பிடிக்க எல்லோரும் செய்கிற வேலைதான். எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியே ‘பார்க்கலாம் சார்’ என்று பெயர் வாங்கியவர் அவளுடைய வழிகாட்டி. காலையில் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

“வெறும் வரியில கையெழுத்துப் போடாதம்மா. அப்புறம் அதை யார் நிரப்புவாங்கன்னு சொல்ல முடியாது.”

வகுப்புப் பையன்களின் குறும்பைச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்திருந்தாள்.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு இரண்டாவது தலைப்பு: நிரலில் ஒரு பிழையைத் திருத்தும்போது புதிதாக முளைக்கும் பிழைகளை முன்கூட்டியே சொல்வது. நிராகரிப்பு. அறிக்கை 213.

கைபேசி அதிர்ந்தது. அம்மா.

“கெடைச்சுதாடி?”

“எங்கம்மா! நான் என்ன யோசிச்சாலும் எவனோ முன்னாடியே யோசிச்சு எழுதி வெச்சிருக்கான்.”

“அவ்வளவு தெரிஞ்சவன்னா, உனக்கு என்ன எழுதணும்னு அவனையே கேளேன்.”

“நீ வேற, போம்மா” என்று வைத்தாள். மண்டை காய்ந்தது. வெளியே மழை சன்னல் கம்பிகளைத் தட்டிக்கொண்டே இருந்தது. வாசலோரம் விரித்து வைத்திருந்த அவளுடைய நீலக் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர், தரையின் சரிவைத் தேடி, மேசைக் கால்களைச் சுற்றி, அவசரமே இல்லாமல் நான்காவது அலமாரியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து பசையும் புதுத் தாளும் கலந்த வாடை வந்தது. பழைய அறிக்கைகளில் வரக்கூடாத வாடை.

எழுந்து போய் 212-ஐ உருவினாள். கருப்பு ரெக்சின் அட்டை. பதினான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. ஆசிரியர்: வரிசை எண் 37. முன்னுரையின் முதல் வரி: ‘என் அத்தைக்குக் காது கேட்காது. அவளுக்காக இதைச் செய்யப் போவதாக நான் யாரிடமும் சொன்னதில்லை.’

பட்டென்று மூடினாள். யாரோ விளையாடுகிறார்கள். அவள் வருடத்தை வைத்து விளையாடுகிறார்கள். எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. திரும்பி வந்து, வாய்க்கு வந்ததை ஆத்திரத்தோடு தட்டினாள்: ‘ஆய்வகக் கூரையில் உள்ள பல்லிகளை எண்ணுதல்.’

ஒரு நொடிகூட ஆகவில்லை. அறிக்கை 214.

அண்ணாந்து பார்த்தாள். குழல்விளக்கின் ஓரத்தில் மூன்று பல்லிகள். ஓடிப்போய் 214-ஐப் பிரித்தாள். ஒரே ஒரு பக்கம்தான் அச்சாகியிருந்தது. ‘மொத்தம் மூன்று. நேரம் 4.31.’

சுவர்க் கடிகாரத்தில் நான்கு முப்பத்தொன்று.

கதவு திறந்தது. ஆய்வக உதவியாளர், எல்லோருக்கும் லேப் அண்ணன், சாவிக்கொத்தோடு தலையை நீட்டினார்.

“டீ குடிச்சிட்டு வரேம்மா. சரியா அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன்.”

“அண்ணே, இந்த நாலாவது அலமாரி அறிக்கையெல்லாம் யார் பைண்டு பண்ணது?”

“நாலாவதா? அது காலியாச்சே. கரையான் அரிக்குதுன்னு போன வருஷமே எல்லாத்தையும் தூக்கிட்டோம்.” அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “தலைப்பு கெடைக்கலைன்னா இப்படித்தான் கண்ணு கட்டும். தண்ணி குடி.”

கதவு சாத்திக்கொண்டது.

அவள் கையில் 214 இருந்தது. அலமாரியில் 212, 213. பக்கத்தில் இன்னொன்று. முன்பு இல்லாதது. 215.

வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். அட்டையின் பசை விரலில் ஒட்டியது. ‘தலைப்பு நிராகரிக்கப்பட்ட மாணவி ஆய்வகத்தை விட்டு வெளியேறும் நேரத்தை முன்கூட்டியே கணித்தல். வரிசை எண் 37.’ இன்றைய தேதி. கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்.

3.40 முதல் தலைப்பு.
3.58 இரண்டாவது.
4.31 பல்லிகள்.
4.44 இதைத் திறந்தாள்.
4.45 கதவைப் பார்த்தாள்.

கதவைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியைப் படித்தாள்.

அடுத்ததைப் படிக்காமல் புத்தகத்தை வீசினாள். அது தரையில் விரிந்து விழுந்தது. அதே பக்கம்.

4.46 வீசினாள்.

பதிவேட்டை நோக்கி ஓடினாள். முப்பத்தேழாம் வரி. அடித்துவிட்டால் போதும், வருடம் போனால் போகட்டும். பேனாவை எடுத்தாள். வரி வெறுமையாக இல்லை. 215-இல் இருந்த அதே தலைப்பு. அவளுடைய கையெழுத்துக்கு முன்னால், அவளே எழுதிய மாதிரி, அவளுடைய சாய்ந்த எழுத்தில்.

அடித்தாள். மை இறங்கவில்லை. அழுத்தினாள். தாள் கிழியவில்லை.

கதவு. தள்ளினாள். இழுத்தாள். கத்தினாள். மழைச் சத்தம் நின்றிருந்தது. வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

பின்னால், தரையில், ஒரு பக்கம் புரளும் ஓசை.

பட்டியல் இன்னும் ஒரு வரி நீண்டிருந்தது.

4.59 திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து மணிக்கு லேப் அண்ணன் வந்தார். லேசாகத் தள்ளியதும் கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. வாசலில் ஒரு நீலக் குடை சொட்டிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் அறுபத்து மூன்று வரிகளும் நிரம்பியிருந்தன. அதை மாடிக்குக் கொண்டுபோனார். அங்கே ‘பார்க்கலாம் சார்’, முப்பத்தேழாம் தலைப்பு கொஞ்சம் நீளம் என்றார். பச்சை மையில் கையெழுத்திட்டார்.

திரும்பி வந்து ஆய்வகத்தைப் பூட்டும் முன், காலியாக இருந்த நான்காவது அலமாரியில் ஒரே ஒரு கருப்புப் புத்தகத்தை லேப் அண்ணன் பார்த்தார். சரியாக நிமிர்த்தி வைக்கக் கையில் எடுத்தார். அட்டை, ஓர் உடம்பைத் தொட்ட மாதிரி, வெதுவெதுப்பாக இருந்தது.