பகலில் உறங்காத பிள்ளை

சாமான்களை ஏற்றி வந்த வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அந்தக் கட்டடத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாடி. சுவரெல்லாம் மழைநீர் வடிந்து கறுத்த கோடுகள். கையில், பிறந்து இருபத்து மூன்றே நாளான குழந்தை. படியேறும்போது சுண்ணாம்பும் ஈரமும் கலந்த பழைய வாடை மூக்கில் ஏறியது.

"ஊர்ல இருக்கற லிப்ட் எல்லாத்தையும் நான்தான் ரிப்பேர் பண்றேன். எனக்கு வாய்ச்ச வீட்டுக்கு லிப்டே இல்ல பாரு" என்றான் கணவன், பீரோவின் ஒரு முனையைத் தோளில் தாங்கியபடி. லிப்ட் மெக்கானிக். அவன் வேலை பார்க்கும் இடத்துக்கு நடந்தே போகலாம் என்பதற்காகத்தான் இந்த வீடு.

இரண்டாவது மாடியில் முன்னறை, சமையலறை, உள்ளே ஒரு படுக்கையறை. படுக்கையறைக்கு ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் நாலு பக்கமும் சுவர் எழும்பிய காற்றுக்கூடம்தான் தெரியும். நட்ட நடுப்பகலிலும் அந்த அறையில் அந்தி நேரத்து வெளிச்சம்தான்.

அவளுக்குப் பஞ்சுக்கை என்று பெயர் வைத்தது அவள் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில். குழந்தைகளுக்கு இரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஊசியைக் கண்டு ஊரைக் கூட்டும் பிள்ளைகூட அவள் கை பட்டதும் விசும்பலோடு அடங்கிவிடும். "உனக்குன்னு ஒண்ணு பிறந்தா அது அழவே அழாதுடி" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள்.

இரவெல்லாம் குழந்தை அடித்துப்போட்டது போலத் தூங்கியது. காலை ஏழரைக்குக் கணவன் கதவைச் சாத்திவிட்டுப் போவான். அவன் செருப்புச் சத்தம் கடைசிப் படியைத் தாண்டுவதற்குள் அது அழத் தொடங்கிவிடும்.

பால் கொடுத்துப் பார்த்தாள். தோளில் போட்டு முதுகைத் தடவினாள். குழாயைத் திறந்துவிட்டாள், மின்விசிறியை வேகமாக வைத்தாள், தெரிந்த பாட்டையெல்லாம் பாடி முடித்து ஒன்று இரண்டு மூன்று என்று எண்களையே பாட்டாகப் பாடினாள். எதற்கும் அது மசியவில்லை. முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி, மூச்சு முட்ட முட்டக் கத்தியது. டாக்டரிடம் காட்டியாயிற்று. "உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, சில குழந்தைங்க அப்படித்தான்" என்றுவிட்டார். மாலை ஆறுக்குக் கணவன் வந்து தூக்கினால், பூனைக்குட்டி மாதிரி சுருண்டுகொள்ளும்.

"இதுவா நாளெல்லாம் அழுதுச்சு?" என்பான் அவன் சிரித்துக்கொண்டே.

அவன் குத்திக்காட்டவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு முகம் சுண்டிப்போகும்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு டியூஷன் டீச்சர். பின்னால் நாலைந்து பிள்ளைகள் நோட்டும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள்.

"தப்பா நினைக்காதீங்க. பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. கதவையாவது நல்லா சாத்தி வெச்சீங்கன்னா..."

அவள் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு வெளியே ஒரு சின்னக் குரல் கேட்டது.

"டீச்சர், அந்த அக்கா பாப்பாவ அடிக்கறாங்களா?"

அவள் உடம்பு கூசியது. உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கினாள். அது இன்னும் உச்சத்தில் வீறிட்டது. "ஏன்? ஏன் என்னை இப்படி அசிங்கப்படுத்தறே?" என்று கேட்டவளின் விரல்கள், அந்தப் பஞ்சு விரல்கள், குழந்தையின் தோளில் இறுகின.

சட்டென்று கையை விட்டாள். தோளில் நாலு சிவப்புத் தடங்கள்.

தன் கைகளைக் கண்டே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. குழந்தையைக் கட்டில் நடுவில் கிடத்தி, வெளியே வந்து, படுக்கையறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் ஆனதோ. கையை எடுத்தபோது சத்தம் இல்லை.

சுத்தமாக இல்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மார்பு சீராக ஏறி இறங்கியது. உடம்பைச் சுற்றி ஒரு துணி இறுக்கமாகச் சுற்றப்பட்டிருந்தது. முனைகளைக் கழுத்தருகே மடித்துச் செருகிய விதம் அவளுக்குத் தெரியாத விதம். அறையில் காய்ச்சிய பாலும் ஈரத் தலைமுடியும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை.

கட்டில் ஓரத்தில், மெத்தையில் ஒரு பள்ளம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்ல மேலெழுந்து சமமானது.

அன்று மாலை கணவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. அசதியில் நானே சுற்றிவிட்டு மறந்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் மறுநாள் காலை எட்டு மணி வரைதான் நின்றது. குழந்தை கத்தத் தொடங்கியது. கால் மணி நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு கட்டிலில் கிடத்தினாள். கதவைச் சாத்தினாள். காத்திருந்தாள்.

அழுகை நின்றது.

உள்ளே யாரோ வாயைத் திறக்காமல் முனகலாக ஒரு மெட்டைப் பாடும் ஒலி.

அவள் போய்ப் படுத்துத் தூங்கினாள். பிற்பாடு நினைத்து நினைத்துக் குறுகிப்போனது இதற்காகத்தான். பயந்து ஓடியிருக்கலாம். அலறியிருக்கலாம். அவள் தலைமாட்டில் கையை மடித்து வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் சுகமாகத் தூங்கினாள். நாலாம் நாள், குழந்தை அழும்வரைகூடக் காத்திருக்கவில்லை. கணவன் படியிறங்கியதுமே கொண்டுபோய்க் கிடத்தினாள். கதவை மூடுமுன், வீட்டு வேலைக்கு வந்தவரிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் பாத்துக்கங்க."

ஒரு வாரம் கழித்து மாடிப்படியில் டீச்சர் எதிர்ப்பட்டாள். "இப்பல்லாம் சத்தமே இல்லையே! பகல்ல உங்ககூட ஒரு அம்மா இருக்காங்களே, அவங்க வந்த அப்புறம்தான் பாப்பா அடங்குச்சு, இல்ல? சுவர் வழியா கேக்கும். என்ன குரல்ங்க அது!"

"ஆமா" என்றாள். "தூரத்துச் சொந்தம்."

பொய் அவ்வளவு சரளமாக வந்தது.

அதற்குள் குழந்தை அவளிடம் பால் குடிப்பதை நிறுத்தியிருந்தது. காம்பை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மார்பு கல்லாய்க் கனத்து வலிக்க, குளியலறைத் தொட்டியில் பாலைப் பீய்ச்சிவிட்டு அழுதாள். தோளில் போட்டால், அடுத்த வீட்டுக்கு வந்த பிள்ளை மரியாதைக்கு உட்கார்ந்திருப்பது போல, அசையாமல் கிடக்கும். குரல் கொடுத்தால் அவள் பக்கம் திரும்பாது. அதன் கண் படுக்கையறைக் கதவிலேயே இருக்கும்.

எடை பார்க்க வந்த நர்ஸ் தராசைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் சிரித்தாள். "போன தடவைக்கு இப்ப எவ்வளவு ஏறியிருக்கு பாருங்க! தாய்ப்பால்தானே? நல்லா கொடுக்கறீங்கம்மா. இப்படியே கொடுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு நாளாக அவளிடம் அது ஒரு வாய் குடிக்கவில்லை.

நர்ஸ் போன பிறகு, வழக்கம்போலக் குழந்தையை உள்ளே கிடத்திக் கதவைச் சாத்தினாள். அன்று படுக்கப் போகவில்லை. கதவில் காதை வைத்தாள்.

முனகல் பாட்டு நின்றது. பிறகு வேறொரு சத்தம்.

சப்பிக் குடிக்கும் சத்தம். ஒவ்வொரு மடக்கும் தொண்டையில் இறங்கும் சத்தம்.

கைப்பிடியைத் திருகினாள்.

மங்கிய வெளிச்சத்தில் கட்டில் தெரிந்தது. குழந்தையின் தலை மெத்தையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருந்தது. அதன் கீழே எதுவுமில்லை. எதுவுமில்லாத ஒன்றின்மேல் சாய்ந்தபடி உதடுகள் ஆவலாக இயங்கின. கடைவாயில் வெள்ளையாக ஒரு கோடு வழிந்தது.

குழந்தையின் கண்கள் அவள் பக்கம் திரும்பின. இடைஞ்சல் செய்தவளைப் பார்க்கும் பார்வை.

"மெதுவா" என்றது கிசுகிசுப்பாக ஒரு குரல். "இப்பத்தான் கண் அசருது."

அவள் ஓரடி பின்வாங்கிக் கதவைச் சாத்தப் போனாள்.

ஆமாம், சாத்தத்தான் போனாள். பாதி மூடிய பிறகுதான் தன் கை செய்வது அவளுக்கு உறைத்தது. பாய்ந்து போய்க் குழந்தையைப் பிடித்தாள். அது வரவில்லை. யாரோ மறுபக்கம் இறுகப் பிடித்திருந்தார்கள். அவள் முழங்கையில் ஈரமான, குளிர்ந்த முடிக்கற்றை உரசியது.

"குடுங்க... அது என் பிள்ளை."

"நீதானே குடுத்தே?"

குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டது போலிருந்தது.

அவள் கட்டில் ஓரத்தில் மண்டியிட்டாள். "குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன். தப்புதான்... வெட்கமா இருக்கு. என்கிட்ட திருப்பிக் குடுத்துடுங்க."

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பிடி தளர்ந்தது. குழந்தையின் முழுப் பாரமும் அவள் கையில் விழுந்தது. அந்த நொடியே அது வீறிட்டு அழுதது.

வெறுங்காலோடு, முன்புறமெல்லாம் பால் நனைந்த உடையோடு, டியூஷன் பிள்ளைகளை இடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். வாசல்படியில் உட்கார்ந்து நடுங்கியவளுக்கு டீச்சர் ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். "உங்க சொந்தக்காரங்க எங்க?" என்று டீச்சர் கேட்டபோது இவள் குழந்தையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள்.

கணவன் வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னாள். முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதையும் சொன்னாள்.

அவன் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நம்ப மாட்டேன்னு நினைச்சியா?"

"நம்பிடுவீங்கன்னுதான் சொல்லல. நம்பினா, நிறுத்தச் சொல்லியிருப்பீங்க."

அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. அன்றே அவளையும் குழந்தையையும் விடுதி ஒன்றில் தங்கவைத்துவிட்டு, இரண்டே நாளில் ஊரின் மறுகோடியில் வேறு வீடு பிடித்தான். புதுக் கட்டடம். தரைத்தளம். நாலு பக்கமும் வெளிச்சம் கொட்டியது.

அங்கே குழந்தை பகலெல்லாம் அழுதது. அவளிடமே பால் குடித்தது, குடித்துவிட்டு மறுபடி அழுதது. "அழு தங்கம். எவ்வளவு வேணுமோ அழு" என்று அவள் தோளில் போட்டு அறைக்கு அறை நடந்தாள். பக்கத்து வீட்டாரிடம் தானே போய், "எங்க பாப்பா ரொம்ப அழும், பொறுத்துக்கங்க" என்று சொல்லி வைத்தாள். அவர்கள் சிரித்தார்கள். வெட்கம் மட்டும் போகவில்லை. குழந்தையின் முகத்தை நேராகப் பார்க்கும்போதெல்லாம், அதற்கு எல்லாம் தெரியும் என்று தோன்றும்.

ஒன்பதாம் நாள். மதியம் ஒரு மணி. காலையிலிருந்து அவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. எல்லாக் கதவுகளையும் திறந்து போட்டு, வெயில் விழும் இடமாகப் பார்த்துச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். மடியில் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. கண் எரிந்தது. ஒரு நிமிஷம் மூடித் திறந்தாள்.

திறந்தபோது வெயில் எதிர்ச்சுவருக்கு ஏறியிருந்தது. மணி நாலு.

பதறிப்போய்க் கீழே பார்த்தாள். குழந்தை மடியிலேயே, அவளுடைய இரண்டு கைகளுக்குள்ளேயே, அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. அறையில் யாரும் இல்லை. எந்த வாசனையும் இல்லை. என்னிடமே தூங்கியிருக்கிறது, முதல் முறையாக என் கையில் பகலில் தூங்கியிருக்கிறது! நெஞ்சு விம்ம, அதன் நெற்றியில் முத்தமிடக் குனிந்தாள்.

அவள் உதடுகள் பிசுபிசுத்தன.

புறங்கையால் துடைத்துப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. நாக்கில் இளஞ்சூடாக, இலேசான இனிப்பு.

அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வயிறு நிறைந்திருந்தது. உடம்பில் ஒரு இடம் விடாமல் அசதி தீர்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை என்று மனம் தானாகச் சொன்னது. அதை அவளால் அடக்க முடியவில்லை.

ஆறு மணிக்குக் கணவன் வந்தான். பையை வைத்துவிட்டு, தூங்கும் குழந்தையை எட்டிப் பார்த்துச் சிரித்தான். சமையலறையில் மூடி திறக்காமல் இருந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"நீ சாப்பிட்டியா, இல்லையா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆச்சு."