புள்ளிக்கு நேராக

துப்பாக்கிக் கண்ணாடியின் திருகை எட்டு கிளிக் திருகியும் சிவப்புப் புள்ளி கீழே இறங்கவில்லை.

ஷோபனா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலைச் சரிவு தொடங்கும் இடத்திலிருந்த அந்தச் சுடுதளத்தில் மார்கழிப் பனி பிற்பகலிலேயே இறங்கத் தொடங்கியிருந்தது. சுட்ட வெடிமருந்தின் நெடியும் துப்பாக்கி எண்ணெய் வாசனையும் ஈரமண்ணும் கலந்து, மூச்சிழுக்கும்போதெல்லாம் தொண்டையில் படிந்தன. துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறியில் பார்த்துச் சுட்ட மூன்று குண்டும் இலக்கு அட்டையின் நடுவில் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன. மேலே பொருத்திய கண்ணாடிக்குள் தெரியும் புள்ளியும் அதே நடுவில் வந்து உட்கார வேண்டும். அதுவோ அட்டைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டின் உச்சியில் நின்றது. புள்ளி மேலே நின்றால், அதை நம்பிச் சுடும் குண்டு கீழே பாயும்.

"இன்னா ஷோபனா, ஆச்சா?" பக்கத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்த ஏட்டு தசரதன் கேட்டார்.

"புள்ளி எறங்க மாட்டேங்குது ஏட்டய்யா."

"பொறுமையா திருப்பு. எங்க போய்டும்?"

போலீஸ் படையின் துப்பாக்கிகளுக்குக் குறி சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. போன மாசியில் இதே துப்பாக்கி ஜீப்பிலிருந்து விழுந்தது. விழுந்ததைத் தளத்துக்கு எடுத்து வந்து சுட்டுப் பார்த்திருக்க வேண்டும். சந்தனமரம் வெட்டும் கும்பலைப் பிடிக்க விடியற்காலையில் எல்லாரும் அவசரமாகக் கிளம்பினார்கள். புள்ளி எரிகிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மலைமேல், மரத்தின் உச்சியைப் பார்த்து எச்சரிக்கைக்காகச் சுட்ட குண்டு, அடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்த மலைக்கிராமத்து லட்சுமணனின் நெஞ்சில் பாய்ந்தது.

காரியம் முடிந்த மறுவாரம் அவள் சேலை கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். யாரென்று சொல்லவில்லை. லட்சுமணனின் மனைவி மாதம்மாள் அவளுக்குச் சாமைச் சோறு போட்டாள்.

"ஒசரத்துலதான் சுட்டாங்களாம். கீழ இருந்தவருக்கு எப்டி பட்டுச்சு? படிச்ச பொண்ணாட்டம் கீற, உனுக்காவது தெரியுமா கண்ணு?"

ஷோபனா தட்டிலிருந்த சோற்றை முழுவதும் தின்றுவிட்டு மலையிறங்கினாள்.

இப்போது ஒன்பதாவது கிளிக். புள்ளி அசைந்தது. பனிக்குள், மேட்டின் உச்சியில், புள்ளி இருந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தார். தலையில் மூட்டை. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி.

அவள் தலையைத் தூக்கினாள். மேட்டில் யாருமில்லை.

"ஏட்டய்யா, மேட்டு மேல யாராவது கீறாங்களா?"

அவர் பைனாகுலரில் நிதானமாகப் பார்த்தார். "ஒரு காக்கா கூட இல்ல. செவப்புக் கொடி ஏத்தியாச்சு, யாரு வரப் போறாங்க?"

மறுபடி கண்ணாடிக்குள் பார்த்தாள். ஆள் அங்கேதான் நின்றார். திருகினாள். கிளிக். புள்ளி ஒரு விரல்கடை இறங்கியது. அவரும் ஒரு அடி இறங்கினார். கிளிக். இன்னொரு அடி. வழுக்கும் மண்ணில் கால்விரலை ஊன்றி ஊன்றி, மூட்டை சாயாமல், புள்ளியை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு இறங்கினார். உறைந்த விரல்கள் அவள் சொன்னதைக் கேட்காமல் திருகிக்கொண்டே இருந்தன. புளியின் வாசம் வந்தது. இந்தச் சரிவில் புளியமரமே கிடையாது.

கிளிக்.

அட்டையின் நடு. புள்ளி அங்கே. அவரும் அங்கே.

அவள் துப்பாக்கியைத் தரையில் வைத்தாள்.

"ஏட்டய்யா. அன்னிக்கி நான் சுட்டுப் பாக்கவே இல்ல. சும்மாதான் கையெழுத்துப் போட்டேன். அந்த மனுசன் என்னாலதான் செத்தாரு."

தசரதன் பைனாகுலரை இறக்கி வைத்தார். பிறகு, மிக மெதுவாக, "தெரியும்மா. விசாரணையில நீ சுட்டுப் பாத்தன்னு சொன்னதே நான்தான்," என்றார். "முடிஞ்சி போச்சு. குடு, மீதி ரவுண்ட நான் சுடறேன்."

"வேணாம். அதுல பாக்காதீங்க."

அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு படுத்தார். கண்ணாடிக்குள் பார்த்தார். விரல் விசையில் அழுந்தியது.

"இன்னாம்மா இது, அட்டைக்கு முன்னால யாரு—"

வெடித்தது.

காது அடைத்தது. புகை. எதிரொலி மலையில் முட்டித் திரும்பியது. தசரதனின் வாய் திறந்தபடியே இருந்தது.

ஷோபனா நிமிர்ந்தாள். இப்போது அவள் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி எதுவும் இல்லை.

அட்டைக்கு முன்னால் அவர் நின்றிருந்தார்.

விழவில்லை. கோபப்படவில்லை. தலையிலிருந்த மூட்டையை இறக்கி, சிந்தாமல் ஓரமாக வைத்தார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை விட்டுக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். பிறகு, சர்க்கார் ஆட்களுக்கு முன்னால் எப்போதும் நிற்பதைப்போல் கைகட்டித் தலைகுனிந்து, அடுத்த குண்டுக்கு நேராக நின்றார்.