வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருங்கள்

சாந்தகுமாரி அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேமராவின் பார்வையைத் தாண்டி வெளியே போய்விட்டார். கதவு மூடிய சத்தமும் டேப்பில் பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு காலி நாற்காலியும் மேசைமேல் தொடுதிரையும் மட்டும்தான் மிஞ்சியிருக்க வேண்டும். ஆனால் டோரதியின் குரல் டேப்பில் தொடர்ந்து பேசியது.

"அடுத்து என்ன நடக்கும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று அது காலி நாற்காலியைக் கேட்டது. ஓர் ஆள் யோசித்துப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பொறுத்திருந்தது. "ம்ம். சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்கேன்."

டோரதி டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டுப் பார்த்தாள். அதே குரல், அதே பொறுமை. புதன்கிழமை சோதனைக்கு வந்திருந்த அந்த அம்மாள் எழுந்ததுமே இவளும் எழுந்து ஓடிக் கதவைத் திறந்துவிட்டு, அன்பளிப்பு டிபன் கேரியரைக் கையில் கொடுத்து, லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டது நன்றாக நினைவிருந்தது. அப்படியென்றால் இங்கே உட்கார்ந்து பேசியது யார்? பழைய டேப்பை அழித்து அழித்துப் பதிவு செய்வது இந்த ஆபீசின் சிக்கன புத்தி. ஏதோ பழைய சோதனையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். இல்லாவிட்டால் மைக்கில் கோளாறு. திங்கட்கிழமை, அந்தத் தொடுதிரையைச் செய்யச் சொன்ன ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்கிற கவலைதான் அப்போது பெரிதாக இருந்தது.

தொம்மலூரின் பழைய தெருக்களை ஒட்டி முளைத்த அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், 2003ஆம் ஆண்டின் அந்தச் சனிக்கிழமை மதியம், ஈ காக்கை இல்லை. கீழே வாசலில் செக்யூரிட்டி கிருஷ்ணப்பா மட்டும் இருந்தார். "சீக்கிரம் முடிச்சுக்குங்க மேடம், இவத்து சனிக்கிழமை, யாரும் வரல, ஏசி கூட இல்ல" என்று சொல்லித்தான் உள்ளே விட்டார். வழக்கமாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு சரளா ஊருக்குப் போய்விட்டதால், யு.கே.ஜி. படிக்கும் பெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள் டோரதி.

டோரதியின் வேலையைச் சொன்னால் லிங்கராஜபுரத்துச் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். மற்றவர்கள் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம். யாராவது புதிதாக ஒரு திரையை வடிவமைத்தால், அதைப் பார்த்தே இராத ஒருவரை அழைத்து வந்து அதன் முன்னால் உட்கார வைப்பார்கள். எந்தப் பட்டனைத் தேடுகிறார், எங்கே முழிக்கிறார், எங்கே கோபப்படுகிறார் என்று பக்கத்து அறையிலிருந்து கவனிப்பார்கள். நடுவில் ஒரு பெரிய கண்ணாடி. வெளிச்சமான சோதனை அறையில் இருப்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. இருட்டாக வைத்திருக்கும் பார்வை அறையில் இருப்பவருக்கு அதுவே ஜன்னல். டோரதி இருட்டில் உட்கார்ந்து மைக்கில் பேசுவாள். "நாங்க உங்கள டெஸ்ட் பண்ணல, திரையத்தான் டெஸ்ட் பண்றோம். மனசுல என்ன தோணுதோ அத வாய்விட்டுச் சொல்லிட்டே இருங்க." யாரும் அதை நம்பியதில்லை. வியர்த்துப்போய், கண்ணாடியைப் பார்த்துக் கெஞ்சுவார்கள். இப்ப எத அமுக்கணும், நீங்களே சொல்லிடுங்களேன். டோரதி சொல்ல மாட்டாள். நீங்க என்ன நினைக்கிறீங்க என்று திருப்பிக் கேட்பாள், அவ்வளவுதான்.

காலையில் பெனி மைக்கைப் பிடித்து விளையாட ஆரம்பித்தபோது இவள்தான் சிரித்துக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"இந்த ரூம்ல ஒரே ரூல்தான் பெனி. அந்தப் பக்கம் இருக்கறவங்க எவ்ளோ கேட்டாலும் ஹெல்ப் பண்ணக் கூடாது."

"அழுதா?"

"அழுதாலும்."

பெனிக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அம்மாவின் அடையாள அட்டையை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஆபீசர் மாதிரி நடந்தாள். மைக்கைச் சோதிக்க டோரதி சோதனை அறைக்குப் போனபோது, பெனிதான் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டு, சல்யூட் வைத்து, தன் இடத்துக்கு ஓடினாள். செல்போனை டோரதி பார்வை அறையிலேயே வைத்துவிட்டாள். போன் அடித்தால் ஸ்பீக்கர் கரகரக்கும் என்பதால் சோதனை அறைக்குள் அதைக் கொண்டுபோகும் வழக்கமே இல்லை. கனமான கதவு தானாக வந்து பொருந்தி, பூட்டு விழுந்தது.

உள்ளிருந்து வெளியே வரவும் அட்டை வேண்டும். பூட்டு மாட்டியவர்கள் எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இப்படியும் ஒரு கதவா என்று டோரதியே கிண்டலாக மெயில் எழுதியிருந்தாள்.

ஏசி ஓடாத அந்த அறையில் தரைவிரிப்பின் பசை வாடையும், வந்து போனவர்கள் விட்டுச்சென்ற தேங்காய் எண்ணெயும் வாடிய மல்லிகையும் வியர்வையும் கலந்த வாடையும் கனத்துத் தேங்கியிருந்தன. ஏர்போர்ட் ரோட்டின் இரைச்சல் பஞ்சு வைத்து அடைத்த சுவர்களுக்கு அப்பால் செத்துப்போயிருக்க, தலைக்கு மேலே டியூப்லைட்டின் மெல்லிய ரீங்காரம் மட்டும் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனையோ பேரை உட்கார வைத்த நாற்காலியில் அவள் முதல்முறையாக உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடியில் அவளே தெரிந்தாள். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க இவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"பெனி, கேக்குதா? கறுப்பு பட்டன அமுக்கிட்டுப் பேசு."

"கேக்குது மம்மி."

வயர்களை ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. "சரி கண்ணு, வந்து கதவத் தொற."

கதவு அப்படியே இருந்தது. கண்ணாடியில் தன் சிரிப்பு மெல்ல வடிவதை அவளே பார்த்தாள். ஸ்பீக்கர் 'டக்' என்றது. குழந்தையின் மூச்சு கேட்டது.

"ஹெல்ப் பண்ணக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் பெனி களுக்கென்று சிரித்தாள்.

டோரதிக்கும் சிரிப்பு வந்தது. கண்ணாடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மேடம், தயவு பண்ணுங்க மேடம். விளையாட்டு போதும், வாம்மா. டாடி வந்துடுவாரு."

மறுபடி 'டக்'. இந்தமுறை பெனி இவளிடம் பேசவில்லை. பக்கத்தில் இருக்கும் யாரிடமோ ரகசியமாகக் கேட்பதுபோல் அவள் குரல் தாழ்ந்திருந்தது. "இப்ப என்ன கேக்கணும்?"

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. வெளியிலிருந்து யாரும் வரவும் முடியாது.

"கதவு தொறக்கலன்னா," என்றது ஒரு குரல், நிதானமாக, கனிவாக, "அடுத்து என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க?"

அவளுடைய குரல்.

டேப். டேப்தான். பெனி பிளேயை அமுக்கியிருக்கிறாள். டோரதி அந்த எண்ணத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் எந்தச் சோதனையிலும் அவள் யாரிடமும் கதவைப் பற்றிக் கேட்டதே இல்லை. எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். தோளால் இடித்தாள். விளிம்பில் நகத்தை விட்டு இழுத்துப் பார்த்தாள். கதவு அசையவில்லை.

"ம்ம். கதவத் தள்றீங்க. ஏன் தள்ளலாம்னு தோணுச்சு?"

"யாரு அங்க? பெனி, அந்த ரூம விட்டு வெளிய ஓடு. கீழ கிருஷ்ணப்பா அங்கிள்கிட்ட ஓடு."

"பாப்பா நல்லாத்தான் இருக்கா. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு மட்டும் சொல்லிட்டே இருங்க."

அப்போது ஸ்பீக்கர் கரகரத்தது. டிட்டிடிக், டிட்டிடிக், டிட்டிடிக். அந்தப் பக்கம் அவள் செல்போன் அடிக்கப் போகிறது. சில்வெஸ்டர்தான். சிவாஜி நகரில் வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன், ஸ்கூட்டரில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான். டோரதி கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள். "எடு பெனி. டாடிதான். மம்மி உள்ள மாட்டிக்கிச்சின்னு சொல்லு."

ஸ்பீக்கர் வழியே கேட்ட மணி நின்றது. யாரோ எடுத்திருந்தார்கள்.

"ஆங், சொல்லுங்க," என்றது அவள் குரல். சில்வெஸ்டரிடம் மட்டும் அவளுக்கு வரும் அந்தச் சின்ன அலுப்பும் அதில் இருந்தது. "முடிஞ்சிடுச்சி. நீங்க மேல வர வேணாம், கேட்டுக்கிட்டயே நில்லுங்க. நாங்க எறங்கி வரோம். இல்லங்க, வேற யாரும் இல்ல. நாங்க ரெண்டு பேருதான்."

டோரதி கத்தினாள். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். பஞ்சுச் சுவர்கள் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டன. நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். நாற்காலிதான் வளைந்தது.

ஸ்பீக்கர் 'டக்' என்றது. பெனி.

"அந்த ஆன்ட்டி ஏன் மம்மி கத்தறாங்க?"

"அப்படித்தான் கண்ணு. மொதல்ல எல்லாரும் கத்துவாங்க."

"பாவம், அழுவுறாங்க."

"ஹெல்ப் பண்ணலாமா?"

"பண்ணக் கூடாது," என்றாள் பெனி.

ஆன்ட்டி. பெற்ற பிள்ளை சொன்ன அந்த ஒரு வார்த்தையில் டோரதி கையிலிருந்த நாற்காலியை நழுவவிட்டாள். தரையில் சரிந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் ஒரு பெண் தலைமுடி கலைந்து, மூக்கு ஒழுகி உட்கார்ந்திருந்தாள். இவளை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் அம்மா என்று சொல்லத் தோன்றாதுதான். அழுகைக்கு நடுவிலும் ஒன்று மட்டும் பிடிபட்டது. பிள்ளையோடு இருப்பது யாரென்று பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டால் ஏதாவது செய்யலாம்.

அந்தப் பக்கம் டேப் போட்டுப் பார்த்த டிவி ஓடிக்கொண்டிருக்கும், கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். இந்த அறையை இருட்டாக்கினால் கண்ணாடி ஜன்னலாகும். கதவோரச் சுவிட்சுக்குத் தவழ்ந்து போனாள். யோசிக்கவே இல்லை. அணைத்தாள்.

ரீங்காரம் நின்றது. இருட்டு. கண்ணாடிக்குள் மெல்ல, நீலமாக, அந்த அறை எழுந்து வந்தது.

அவளுடைய நாற்காலியில் ஒரு பெண். மடியில் பெனி, பின்னால் சாய்ந்துகொண்டு, சுகமாகக் காலாட்டியபடி. அந்தப் பெண்ணின் தோளில் டோரதியின் துப்பட்டா. டோரதி தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். அதே துப்பட்டா இங்கேயும் இருந்தது.

அந்தப் பெண் பெனியை இறக்கிவிட்டாள். எழுந்தாள். சுவர்ப் பக்கம் நடந்து, அந்த அறையின் டியூப்லைட்டைப் போட்டாள்.

வெளிச்சம். முகம். தினமும் தலை வாரும்போது பார்க்கும் முகம். அதில் கோபம் இல்லை, குரோதம் இல்லை. பொறுமை மட்டும் இருந்தது.

பெனி கண்ணாடியை நோக்கி ஓடி வந்தாள். நேராக இவளை நோக்கி. டோரதி மண்டியிட்டாள். கண்ணாடியின் தடிமன்தான் இடைவெளி. "பெனி. கண்ணு. இங்க பாரு. நான்தான்மா." பிள்ளையின் கண்கள் இவள் கண்களுக்கு நேராக வந்து நின்றன. நின்று, கொஞ்சம் மேலே போயின. பெனி தன் நெற்றிமுடியை ஒதுக்கிக்கொண்டாள். நாக்கை நீட்டினாள். பல்லைக் காட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் டோரதிக்கு உறைத்தது. வெளிச்சம் இப்போது அந்தப் பக்கம். இருட்டு இந்தப் பக்கம். பிள்ளைக்குத் தெரிவது வெறும் கண்ணாடி.

சுவிட்சுக்கு ஓடினாள். போட்டாள். எரியவில்லை. அணைத்தாள். போட்டாள். மறுபடி. மறுபடி. இருட்டு.

திரும்பி ஓடி வந்து கண்ணாடியை அறைந்தாள். கை வலித்தது. அறைந்தாள். பெனி நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் மேசைமேல் ஒரு குமிழைத் திருகினாள். சத்தத்தைக் குறைக்கும் குமிழ்.

பிறகு வந்து பெனியின் பின்னால் நின்றாள். அவிழ்ந்திருந்த ரிப்பனை எடுத்து நிதானமாகக் கட்ட ஆரம்பித்தாள். அவள் கண்கள் ரிப்பனில் இல்லை. கண்ணாடியிலும் இல்லை. இருட்டைத் தாண்டி, மிகச் சரியாக, டோரதியின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

டோரதி உதட்டைக் கண்ணாடியில் வைத்து மகளின் பெயரைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முடிச்சு விழுந்தது. அந்தப் பெண் குனிந்து பெனியின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். பெனி ரிப்பன் அழகாக இருக்கிறதா என்று இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் அம்மாவையும் தன்னையும் சேர்த்துப் பார்த்து, வாய் நிறையச் சிரித்தாள்.